தாடையில் கேட்ட சுருதி

விழுப்புரம் லோகோ ஷெட்டில் சேர்ந்து பத்து வருஷம் கரியோடு புரண்ட பிறகு என் காதுகளில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு பேஸ் கிதார் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் எஞ்சின் துடைக்கும் ஆளாகச் சேர்ந்தேன். பிறகு ஃபயர்மேன் ஆனேன். காட்பாடி வண்டி, பாண்டி வண்டி என்று மாறி மாறிப் போவேன். எஞ்சினில் நீராவி மிஞ்சும்போது மேலே இருக்கும் வால்வு திறந்து ஒரு சத்தம் போடும். அதன் பக்கத்தில் நின்று கரி அள்ளிப் போடுகிறவனுக்கு முதலில் போவது மெல்லிய சத்தங்கள். சைக்கிள் மணி போயிற்று. சிட்டுக்குருவி போயிற்று. தெருவில் குழந்தைகள் கூப்பிட்டால் வாய் அசைவதுதான் தெரியும். தடித்த சத்தங்கள் மட்டும் என்னோடு தங்கிவிட்டன. மாடு கத்துவது, லாரி மேடேறுவது, கோயில் பறை, மேஸ்திரியின் குரல் எல்லாம் முன்போலவே கேட்டன. ரயில்வே டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை அறையின் கோடியில் நின்று ஏதாவது சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். அவருக்கு நல்ல கட்டைக் குரல். ஒவ்வொரு வருஷமும் தேறினேன்.

ஷெட் ஊழியர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. கேரம் போர்டு, செய்தித்தாள், ஒரு சின்ன மேடை. அந்த மேடையில்தான் எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். அதை நடத்தியவர் கூட்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்தார், அக்கார்டியன் வாசிப்பார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். ஒல்லியான மனிதர், மூக்கின்மேல் கோபம், அபாரமான காது. சினிமாப் பாட்டுகளைக் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் வாசித்தோம். வாசித்தோம் என்று நான் சொன்னாலும் அப்போது என் வேலை மைக் ஸ்டாண்டுகளைத் தூக்குவதும், இரண்டு கிலுக்குகளைக் கையில் வைத்து ஆட்டுவதும்தான்.

ஒரு நாள் மாஸ்டர் மெட்ராஸுக்குப் போய்விட்டு ஒரு நீளமான கறுப்புப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு பேஸ் கிதார். யாரோ வாசித்துக் கைமாற்றியது. கெட்டி மரத்தில் செய்த உடம்பு, நீண்ட கழுத்து, நாலே நாலு கம்பிகள். அதில் தடித்த கம்பி கிணற்றுக் கயிறு மாதிரி இருந்தது. எங்கள் குழுவின் கிதார்காரர் எடுத்து மடியில் வைத்து ஒரு பாட்டு வாசிக்கப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பாடுகிறவரும் ஒரு தட்டு தட்டினார்.

"இதுல பாட்டே வரலியே மாஸ்டர்."

"பாட்டு வாசிக்கறதுக்கா வாங்கினேன்? மெட்ராஸ்ல இப்போ இது இல்லாம ஒரு ரிக்கார்டும் வர்றதில்ல. பாட்டுக்கு அடில நின்னு தாங்கற வாத்தியம்பா இது."

அடியில் நின்று தாங்க யாருக்கும் ஆசை இல்லை. பெட்டியை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். வைப்பதற்கு முன் தடித்த கம்பியை நான் ஒரு தடவை இழுத்து விட்டேன். ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயரில் அது ஏற்கெனவே மாட்டியிருந்தது. சத்தம் தரை வழியாக வந்து என் வயிற்றில் ஏறியது. பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு சத்தத்தை முழுசாகக் கேட்டேன். அதில் ஒரு துண்டும் உதிரவில்லை. அதை யாரும் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாஸ்டர், இத நான் வாசிக்கறேன்" என்றேன்.

"நீயா?"

"நான்தான்."

அவர் என் கைகளைப் பார்த்தார். கரி அள்ளிக் காய்த்துப்போன கைகள். கிதார்காரருக்கு வலித்த அந்தக் கம்பி என் விரலை ஒன்றும் செய்யவில்லை. தாளமும் எனக்குப் புதிதில்லை. ஓடுகிற எஞ்சினில் அடுப்புக் கதவைத் திறந்து, கரியை வீசி, மூடி, மறுபடியும் திறக்கிற வேலையில் தாளம் பிசகினால் கரி அடுப்பில் விழாது, காலில்தான் விழும். மாஸ்டர் விரல் வைக்கும் இடங்களைக் காட்டினார். அடுத்த தீபாவளிக்குள் நான் அந்தக் குழுவில் தவிர்க்க முடியாத ஆளாகிவிட்டேன். நான் நிறுத்தினால் பாட்டு தள்ளாடும். எல்லோருக்கும் அது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

ஒரே ஒரு குறை. எனக்கு அதைச் சுருதி சேர்க்க வரவில்லை.

இப்போது என் பேரன் ஒரு கிதார் வைத்திருக்கிறான். அதன் தலையில் ஒரு சின்னப் பெட்டியைக் கவ்வ வைக்கிறான். கம்பி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அதுவே காட்டி, சரியானதும் பச்சை விளக்குப் போடுகிறது. எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அக்கார்டியனில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஒரு கம்பியைச் சேர்க்க வேண்டும். பிறகு அந்தக் கம்பியைக் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகளில் ஐந்தாவதில் அழுத்தினால் வரும் சத்தமும், பக்கத்துக் கம்பியை வெறுமனே தட்டினால் வரும் சத்தமும் ஒன்றாக இருக்கும்படி கழுத்தின் நுனியில் இருக்கும் சாவியைத் திருக வேண்டும். இரண்டும் கொஞ்சம் விலகியிருந்தால் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு அலை எழும்பும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்துவிட்டால் அடங்கிவிடும். குழுவில் எல்லோருக்கும் இந்த அலை கேட்டது. எனக்கு இரண்டும் ஒரே உறுமலாகத்தான் கேட்டன.

அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் மாஸ்டர் திருகித் தருவார். தரும்போது ஒரு வசவும் தருவார்.

"ஏம்பா, எஞ்சினையே மேய்க்கற ஆளு, நாலு சாவியத் திருக வரலியா?"

"எஞ்சின மேய்க்கறது டிரைவரு மாஸ்டர். நான் தீனிதான் போடறேன்."

இப்படி இருக்கும்போது எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் கோலியனூர்ப் பக்கம். சொந்த நிலம், கிணறு, கிணற்றில் ஆயில் எஞ்சின் என்று வசதியான விவசாயக் குடும்பம். எனக்குக் கொடுத்த ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் அந்தக் கறுப்புப் பெட்டிக்கே ஒரு ஆள் படுக்கும் இடம் வேண்டும். வந்த வாரமே மனைவி அதைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லிவிட்டாள்.

"இன்னாங்க இது? எரும குட்டைல படுத்துக்கினு முக்கற மாதிரி கீது."

"பாட்டுக்கு அடில நின்னு தாங்கற வாத்தியம் இது."

"தாங்கட்டும். பெட்டிய மட்டும் அந்தப் பக்கம் தள்ளி வெய்யுங்க, கால் இடிக்குது."

ஒரு நாள் பகலில் வேலை முடிந்து வந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த மல்லாட்டையை உடைத்துக் கடலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வெறும் கம்பிச் சத்தம்தான். நான் காதை மரத்தின் பக்கமாகச் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அந்த ரெண்டாவது தடிக் கம்பி சரியில்ல."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"அதும் பக்கத்துக் கம்பியும் ஒண்ணா அடிச்சா வண்டு கத்தறாப்ல ஆடுது. உங்களுக்குக் கேக்கலியா?"

"இல்ல."

"நெஜமாவா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க அடிங்க, நான் திருகறேன்" என்றாள். சாவியை எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் திருகுவாள், நிறுத்துவாள், புருவத்தைச் சுருக்குவாள், மயிரிழை அளவு பின்னால் விடுவாள். அப்புறம் புருவம் விரியும். அதுதான் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம்.

அந்தக் காது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாட்டு எதுவும் அவள் கற்றதில்லை. கிணற்றடியில் ஓடும் ஆயில் எஞ்சினை வீட்டிலிருந்தபடியே கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பாக இருந்திருக்கிறது. பெல்ட் நழுவப் போகிறது, தண்ணீர் இறங்கிவிட்டது, குழாயில் காற்று வாங்குகிறது என்பதையெல்லாம் சமையல்கட்டில் இருந்தே சொல்லிவிடுவாளாம். "நான் சொன்னதுக்கு அப்புறம்தான் எங்கப்பா எழுந்து ஓடுவாரு" என்றாள்.

வீட்டில் சுருதிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டுமே என்று மாஸ்டரிடமிருந்து ஒரு மவுத் ஆர்கன் வாங்கி வந்தேன். எந்த ஓட்டையில் உறிஞ்சினால் எங்களுக்கு வேண்டிய ஸ்வரம் வரும் என்று அவர் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார். புதுப்பெண் வாசற்படியில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் ஊதுவதைக் குவார்ட்டர்ஸ் வரிசையே வேடிக்கை பார்த்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அவங்க அவங்க வூட்ல இன்னா இன்னா கூத்தோ" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினாள்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் பெட்டியைத் திறந்ததும் மாஸ்டர் வழக்கம்போலக் கையை நீட்டினார். நாலு கம்பிகளையும் தட்டிப் பார்த்தார். அக்கார்டியனை அழுத்தி மறுபடி தட்டினார்.

"யாரு பண்ணது?"

"என் வூட்டுக்காரி."

"அவங்களயே பண்ணச் சொல்லு இனிமே. எனக்கு ஒரு பேஜாரு கொறஞ்சுது."

அதிலிருந்து உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவளும் வருவாள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். வாசிக்க வாசிக்கச் சூட்டில் கம்பி இறங்கும். இறங்கினால் அவள் விரலைக் காட்டுவாள். எந்தக் கம்பியோ அத்தனை விரல், பிறகு கட்டைவிரல் மேலே அல்லது கீழே. பாட்டுக்கு நடுவில் பல்லவி முடிந்து மூச்சு விடும் இடத்தில் நான் ஒரு திருகு திருகுவேன். அவள் தலையசைத்தால் சரி. குழுவில் கிண்டல் செய்தார்கள். "அவன் சுருதிப் பொட்டி முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்குது பாரு" என்பார் கிதார்காரர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் மனைவி ஒரு நாளும் வந்ததில்லை.

பிறகு அவள் உண்டாகி, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து, கோலியனூருக்குப் போய்விட்டாள். நான் மறுபடியும் மாஸ்டர் கையில் விழுந்தேன். கையோடு வசவும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். மல்லாட்டை வியாபாரி ஒருவரின் மகள் கல்யாண வரவேற்பு. எங்களுக்கு அதுவரை கிடைத்ததில் பெரிய இடம்.

"அங்க போயி உனக்குத் திருகிக்கினு நிக்க முடியாதுப்பா. எனக்கு ஆயிரம் வேல. ரெடியா வந்துடு" என்றார் மாஸ்டர்.

"வர்றேன்" என்றேன்.

அன்று காலையில் பேஸ் கிதாரைத் தூக்கிக்கொண்டு கோலியனூருக்குப் பஸ் ஏறினேன். மாமனார் களத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. பொண்ணப் பாக்க வந்தீங்களா, இல்ல இதக் காட்ட வந்தீங்களா?"

"ரெண்டும்தான் மாமா."

"செரி, உள்ள போங்க. சாப்டுட்டுத்தான் போவணும்."

மனைவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு அதற்குள் நன்றாக முன்னால் வந்திருந்தது. எதற்கு வந்திருக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எடுங்க" என்றாள். மடியில் வைக்க இடம் இல்லை. வயிற்றின்மேலேயே சாய்த்துக்கொண்டாள். மவுத் ஆர்கனை ஊதிப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருகினாள். தடித்த கம்பிக்கு வந்ததும் அதை நன்றாக இழுத்து விட்டாள். உடனே "அம்மாடி" என்று நிமிர்ந்தாள்.

நான் பயந்துபோனேன். "இன்னா ஆச்சு?"

"ஒதைக்குது." மறுபடி அதே கம்பியைத் தட்டினாள். மறுபடியும் அவள் சேலைக்குள் ஒரு அசைவு. எனக்கே தெரிந்தது. "பாருங்க, இந்தக் கம்பிய அடிச்சாத்தான் ஒதைக்குது. மெல்லிசுக் கம்பிக்கு ஒண்ணும் காணோம்."

"அதுக்குள்ள காது கேக்குமா?"

"காதுல எங்க கேக்கறது? இந்த மரக்கட்ட ஒடம்புல படுது இல்ல, அதான் ஒடம்புல கேக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "உங்கள மாதிரியே."

கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மறுபடி பஸ் பிடித்தேன். அங்கேதான் வினை. உள்ளே கூட்டம். கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும் கையைக் காட்டிவிட்டார்.

"மேல போடுங்க."

"மேல வேணாங்க, வெயிலு. இது வாத்தியம்."

"வாத்தியமோ வாழத்தாரோ, உள்ள எடமில்ல. ஜல்தியா ஏத்துங்க."

சித்திரை வெயிலில் அது பஸ் கூரையில் விழுப்புரம் வரைக்கும் வறுபட்டது. அங்கிருந்து குழுவோடு திண்டிவனத்துக்கு ரயிலில் போனோம். அந்தத் தடத்தில் அப்போது மின்சார எஞ்சின் ஓட ஆரம்பித்திருந்தது. எங்கள் ஷெட்டுக்காரர்களுக்கு அதில் ஏறினாலே ஒரு கடுப்பு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாலு கம்பியும் மனைவி வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பிக்கொண்டு போனேன்.

திண்டிவனத்தில் பெரிய பந்தல். மேடைக்கு எதிரிலேயே நாயனக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தவில். பந்தலுக்கு வெளியே ஒலிபெருக்கியில் ரிக்கார்டு. அது போதாது என்று தெருவில் பட்டாசு. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. பெட்டியைத் திறந்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, நாலு கம்பிகளையும் வரிசையாகத் தட்டினேன். எனக்கே தெரிந்தது. என் காதுக்கே தெரியும் அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது.

"மாஸ்டர்."

அவர் வந்து தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. அக்கார்டியனை அழுத்தி, காதை அதன்மேலேயே வைத்துப் பார்த்தார். தவில்காரர் ஒரு சுற்று முழக்கினார். மாஸ்டர் நிமிர்ந்துவிட்டார்.

"ஒரு எழவும் கேக்கலப்பா."

கிதார்காரரும் தன் கிதாரைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். மாஸ்டர் பந்தலில் ஓடியாடிக்கொண்டிருந்த பெண்ணின் சித்தப்பாவைப் பிடித்தார்.

"மேளத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. நாங்க சுருதி சேத்துக்கறோம்."

"மேளம் எப்டிங்க நிக்கும்? மாப்ள ஊர்வலம் வந்துக்கினு இருக்குது. மேடைல வந்து ஒக்காந்ததும் மேளம் நிக்கும், நிக்கறப்போ நீங்க ஆரம்பிச்சிடணும். சும்மா இருந்தா நல்லாருக்காது." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "இன்னிக்கி நீ வாசிக்க வேணாம். கிலுக்கு எடுத்துக்கோ."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை பெரிய பந்தலில், இத்தனை பேர் முன்னால், மறுபடியும் கிலுக்கு ஆட்டவா வந்தேன்? "இருங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மேடையின் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். காலையில் சேலைக்குள் கண்ட அந்த உதை நினைவுக்கு வந்தது. காதில் எங்கே கேட்கிறது, உடம்பில் கேட்கிறது என்றாளே. கிதாரின் உடம்பில் கழுத்துக்கு மேலே கொம்பு மாதிரி ஒரு நீட்டல் உண்டு. குனிந்து அதன்மேல் என் தாடை எலும்பை அழுத்தி வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினேன்.

தலைக்குள் வந்துவிட்டது. நாயனம் இல்லை, தவில் இல்லை, பட்டாசு இல்லை. மண்டைக்குள் அந்தக் கம்பி ஒன்று மட்டும். ஐந்தாவது மெட்டில் அழுத்திக்கொண்டு பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத் தட்டினேன். பற்கள் கிடுகிடுவென்று நடுங்கின. கட்டை வண்டி சரளைக் கல்லில் ஓடுவது மாதிரி. சாவியை மெதுவாகத் திருகினேன். கிடுகிடு குறைந்தது. வண்டி மண் ரோட்டுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம். ஒரு மேடு, ஒரு பள்ளம், நிதானமாக ஒரு மேடு. இன்னும் துளி. அப்படியே நின்றுவிட்டது. ஒரு சலனமும் இல்லை. எல்லோரும் இத்தனை நாளாக அலை, அலை என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தாடை மரத்தை விட்டு நழுவுகிறது. அடக்கிக்கொண்டேன்.

"மாஸ்டர், இங்க வாங்க. அக்கார்டியன இது மேல சாச்சு வெச்சு அழுத்துங்க."

"இன்னாத்துக்கு?"

"அழுத்துங்களேன்."

அவர் இடப்பக்கத்துக் கட்டைச் சத்தப் பொத்தானில் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அக்கார்டியனை என் கிதாரோடு சேர்த்து அழுத்தினார். அதன் நடுக்கமும் மரத்தில் ஏறி என் பல்லுக்கு வந்தது. அதற்கு முதல் கம்பியைச் சேர்த்தேன். பிறகு அதிலிருந்து மற்றவை. இரண்டு ஆம்பிளைகள் மேடையில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு, ஒருவன் தாடையை மரத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பந்தலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். பாடுகிறவர் பிறகு சொன்னார். அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். மேளம் நின்றது. அந்த ஒரு மூச்சு அமைதியில் மாஸ்டர் குனிந்து என் நாலு கம்பிகளையும் விரலால் வழித்தார். பாடுகிறவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஆரம்பித்தோம்.

அன்று வாசித்த மாதிரி அதற்கு முன்னால் நான் வாசித்ததில்லை. நடுவில் இரண்டு தடவை கம்பி இறங்கியது. இரண்டு தடவையும் முன்வரிசையைப் பார்க்காமல் தாடையை வைத்து நானே சரிசெய்தேன். திரும்பும்போது ரயிலில் மாஸ்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். குனிந்து தன் தாடையை அந்தக் கொம்பில் வைத்து ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். சட்டென்று தலையைத் தூக்கினார்.

"அடேயப்பா! மண்டைக்குள்ள ஒக்காந்துக்கினு அடிக்கற மாதிரி கீதே."

"ஆமா மாஸ்டர்."

"இத ஏன்யா நீ மொதல்லயே பண்ணல?"

"இன்னிக்கித்தான் கண்டுபுடிச்சேன்."

"நாலு சாவியத் திருக வராத ஆளுன்னு உன்னச் சும்மா சொல்லிட்டேன்பா" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதுவே அதிகம்.

மறுநாள் எனக்கு வேலை மத்தியானத்துக்கு மேல்தான். காலையிலேயே பெட்டியோடு கோலியனூரில் இறங்கிவிட்டேன். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நாலு சாவிகளையும் கண்டபடி திருகிவிட்டு, "பண்ணுங்க பாக்கலாம்" என்றாள். காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளவும் சொன்னாள். நான் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வேலையில் இருக்கும்போது மாமியார் மோர்ச் சொம்போடு வந்திருக்கிறார்.

"ஐயய்யோ, மாப்ளைக்குப் பல்லு வலியா?"

மனைவி சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முடித்ததும் கிதாரை வாங்கி ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்டாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"மூணாவது ஒரு மயிரிழ தூக்கல்."

"இல்ல. சரியா இருக்குது."

"தூக்கல்ங்க."

"தாடைல வெச்சுப் பாரு."

அவள் வைத்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கம்பிகளை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ இனிமே நான் ஒக்காந்து வெரலக் காட்ட வேணாமா?"

அதை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மனசு சுணங்கிவிட்டதோ என்று நினைத்தேன். "வேணாம்" என்றேன் உண்மையாகவே. "ஆனா நீ வரணும்."

"புள்ளயத் தூக்கிக்கினா?"

"தூக்கிக்கினுதான்."

பெண் பிறந்தது. ஆறாம் மாசம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்தார்கள். அதற்குள் திண்டிவனத்து வரவேற்பைப் பார்த்தவர்கள் மூலமாக எங்களுக்குப் பண்ருட்டி, பாண்டி என்று நாலா பக்கமும் நிகழ்ச்சி வந்திருந்தது. பாண்டியில் வேறொரு குழுவின் பேஸ் கிதார்காரர் என்னிடம் வந்து, அந்தத் தாடை வித்தையைக் காட்டச் சொல்லிக் கேட்டார். காட்டினேன். அவரும் தாடையை வைத்துத் தட்டிப் பார்த்து, அந்த நடுக்கத்தில் நிஜமாகவே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குழந்தையோடு மனைவி வந்த முதல் நிகழ்ச்சி விழுப்புரத்திலேயே ஒரு திருவிழா. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருந்ததால் விரலைக் காட்ட வழியில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பெட்டி இன்னொரு கையில். நடந்துகொண்டே அவள் சொன்னாள்:

"இன்னிக்கித்தாங்க பாட்டக் கேட்டேன்."

"இத்தன நாளா இன்னா கேட்ட?"

"அந்த நாலு கம்பியத்தான். எது எறங்குது, எது ஏறுதுன்னு. பாட்டு எங்க காதுல வுழுந்துது?"

"எப்டி இருந்தது?"

"பாடறவரு மேல போவும்போது கொஞ்சம் எறங்கறாரு. அந்தக் கிதாருக்காரரு அவசரப்படறாரு." கொஞ்ச தூரம் நடந்தாள். "நீங்க நல்லாத்தான் வாசிக்கிறீங்க."

"தெரியும்" என்றேன்.